கடலுக்குள் காற்றாலை: திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கு

வட கடலில் பிரித்தானியா அமைத்துவரும் டொகர் பேங்க் காற்றாலைத் தொகுதியின் திறன் 3,600 மெகாவாட். 2025 ஏப்ரலில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அடிக்கல் நாட்டப்பட்ட சூரிய மின்நிலையத்தின் திறன் 120 மெகாவாட். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் திருகோணமலை வாசகருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: திரும்பிய பக்கமெல்லாம் கடல் இருக்கும் ஊரில், கடலை விட்டுவிட்டு ஏன் தரையில் சூரியத் தகடு விரிக்கிறார்கள்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதன் விடையில் காற்றுக்குள்ள பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. கடலின் அடித்தளம், மின்வலையமைப்பின் பருமன், கடனுக்குக் கொடுக்க வேண்டிய வட்டி ஆகிய மூன்றுமே பெரும் பகுதியைத் தீர்மானிக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், செய்திகளில் அடிக்கடி குழம்பிப்போகும் சில அளவுகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

மூன்று அடிப்படைகள்

1. மெகாவாட் என்பது திறன். மெகாவாட் மணி என்பது விளைச்சல். வயலின் பரப்பை ஏக்கரிலும் அறுவடையை மூட்டையிலும் சொல்வதைப் போன்றது இது. 3,600 மெகாவாட் காற்றாலை எந்நேரமும் 3,600 மெகாவாட் தருவதில்லை. நல்ல காற்றில், எல்லாப் பொறிகளும் ஓடும்போது தரக்கூடிய உச்ச அளவே அது.

2. உச்ச அளவில் ஆண்டு முழுவதும் ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் மின்சாரத்தோடு, உண்மையில் கிடைத்ததை ஒப்பிட்டால் வரும் விகிதத்தைப் பயன்பாட்டுக் காரணி என்கிறார்கள். வட கடலின் புதிய காற்றாலைகளுக்கு இது ஏறத்தாழ பாதி. டொகர் பேங்க்கை அந்தக் கணக்கில் போட்டால், 3,600 மெகாவாட்டை ஆண்டின் 8,760 மணித்தியாலங்களால் பெருக்கி, அதில் பாதியை எடுக்கும்போது, 15,700 கிகாவாட் மணிக்குச் சற்று மேலே வருகிறது (ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட்). இலங்கை முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் மின்சாரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு நாடு, ஒரு காற்றாலை, கணக்கு சரிசமம்.

3. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதே இதற்குக் காரணம். நொடிக்கு 6 மீற்றர் வேகத்தில் வீசும் இடத்தையும் 8 மீற்றர் வேகத்தில் வீசும் இடத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவது இடத்தில் ஆற்றல் இரு மடங்குக்கும் அதிகம். கரையை விட்டு விலகிக் கடலுக்குள் போவதற்காக இத்தனை செலவு செய்வதன் நியாயம் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது. மரம், கட்டடம், மேடு எதுவும் குறுக்கே நிற்காததால், கடல்மேல் காற்று வேகமாகவும் குலுக்கலின்றியும் வருகிறது. என்றாலும் எந்தப் பொறியும் காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது இயற்பியல் போட்ட எல்லை.

பொறிகள் ஏன் இவ்வளவு பெரிதாயின

உலகின் முதலாவது கடற்காற்றாலை 1991 இல் டென்மார்க்கின் வின்டபி என்ற இடத்தில், கரையிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் நிறுவப்பட்டது. பதினொரு பொறிகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட், மொத்தம் 5 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2017 இல் அது அகற்றப்பட்டது. இன்று டொகர் பேங்க்கில் நிற்கும் ஒரேயொரு பொறியின் திறன் 13 மெகாவாட். வின்டபி முழுவதையும்போல் இரண்டு மடங்குக்கு மேல். மன்னாரில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது பொறிகளும் சேர்ந்து தரும் 103.5 மெகாவாட்டை, அங்கே எட்டுப் பொறிகள் தந்துவிடும்.

அந்தப் பொறியின் பருமனை நம் ஊர் அளவுகோலில் சொல்வது எளிது. ஒரு இறக்கையின் நீளம் மட்டும் 107 மீற்றர். இறக்கை செங்குத்தாக நிற்கும்போது அதன் நுனி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260 மீற்றர் உயரத்தில் இருக்கும். கோணேசர் கோயில் நிற்கும் மலையின் உயரத்தைச் சுமார் 400 அடி என்று சொல்வது வழக்கம்; இராவணன் வெட்டருகே நின்று கீழே பார்த்துத் தலை சுற்றியவர்கள், அந்த உயரத்தை இரண்டு தடவை அடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவை டொகர் பேங்க்கில் மொத்தம் 277.

பெரிதாக்கியதற்குக் காரணம் பெருமை அல்ல. கடலில் ஒரு பொறியை நாட்டுவதிலுள்ள செலவில் பெரும் பகுதி அடித்தளம், கப்பல் வாடகை, கடலடிக் கம்பி ஆகியவற்றுக்கே போகிறது. பொறிகளின் எண்ணிக்கை குறைந்தால் இவையெல்லாம் குறையும்.

முதற் கேள்வி: கடலடி எப்படி இருக்கிறது?

டொகர் பேங்க் கரையிலிருந்து 130 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தும் ஏன் அங்கே போனார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தப் பெயரின் பிற்பாதியைப் பார்த்தால் போதும். அது ஒரு கடற்திட்டு. நடுக்கடலில் இருந்தாலும் ஆழம் குறைந்த மணற்பரப்பு. பழைய ஒல்லாந்து மீன்பிடிக் கலங்களின் பெயரால் அழைக்கப்படும் மீன்வளப் பகுதி. நம் பக்கத்தில் இணை சொல்வதானால், யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே விரியும் பேதுருத் திட்டைச் சொல்லலாம். ஆழம் குறைவென்பதால் பெரிய உருக்குக் குழாயை நேரே கடலடியில் அடித்து இறக்கி, அதன்மேல் கோபுரத்தை நிறுத்திவிட முடிகிறது. இத்தகைய நிலையான அடித்தளம் ஏறத்தாழ 50, 60 மீற்றர் ஆழம் வரைதான் கட்டுபடியாகும். அதற்கு மேல் போனால் உருக்கின் எடையும் அதனோடு செலவும் ஏறிக்கொண்டே போகும்.

திருகோணமலைக் கடல் இதற்கு நேரெதிர். இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பரப்பு, கிழக்குக் கரையில் ஒடுங்கியது. அதிலும் நம் துறைமுக வாயில் தனி. மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு கடற்கீழ்ப் பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீற்றரையும் தாண்டிய ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. துறைமுகத்துக்கு உலகப் புகழைத் தேடித் தந்த ஆழமும், பெருந்திமிங்கிலங்களைக் கரைக்குக் கிட்ட வரச்செய்யும் ஆழமும் இதுவே. திருக்கடலூரிலிருந்து வள்ளம் இறக்குபவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வடக்கே முல்லைத்தீவையும் தாண்டிப் பேதுருத் திட்டை நோக்கிப் போகப் போகத்தான் மேடை அகல்கிறது.

ஆகவே, "நம்மிடம் கடல் இருக்கிறது" என்பது முழு வாதமாகாது. மன்னார் வளைகுடாவையும் புத்தளம் பக்கத்தையும் நோக்கி ஆய்வுகள் திரும்புவதற்குக் காரணம், அங்கே ஆழம் குறைந்த பரப்பும் வலுவான தென்மேற்குக் காற்றும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதே. இந்தியாவும் தனது முதல் 1,000 மெகாவாட் கடற்காற்றாலைகளுக்காக 2024 இல் 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் திட்டத்தை அறிவித்தபோது, குஜராத்துக்குப் பாதியும் தமிழ்நாட்டுக் கடலுக்குப் பாதியுமாகப் பிரித்தது.

மிதக்கும் காற்றாலை என்று ஒரு வழி உண்டு. பொறியை மிதவையில் ஏற்றி, நங்கூரச் சங்கிலிகளால் கடலடியோடு பிணைத்துவிடுவார்கள். ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் 2017 இல் தொடங்கிய ஹைவிண்ட் இதில் முன்னோடி: ஐந்து பொறிகள், 30 மெகாவாட். ஓட்டம் மிக நன்று, ஆனால் விலை இன்னும் அதிகம். 3,600 மெகாவாட் என்ற எண்ணோடு ஒப்பிடும்போது, உலகின் மிதக்கும் காற்றாலைகள் எல்லாம் இன்னும் தவழும் பருவத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி: வலையமைப்பு எவ்வளவு தாங்கும்?

பொதுவிவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுதான்.

மின்வலையமைப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவீடு மீடிறன், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை ஊசலாடுகிறது என்பது. இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென்று கழன்று விழுந்தால் மீடிறன் சரியும். அனல், நீர் மின்நிலையங்களில் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த சுழலிகளின் சடத்துவம், அதாவது ஓட்டத்தை உடனே விட்டுவிடாத இயல்பு, சில நொடிகளுக்கு அந்தச் சரிவைத் தடுத்துப் பிடிக்கும். அந்த இடைவெளியில் இருப்பில் வைத்திருக்கும் பொறிகள் ஏறி வந்து குறையை நிரப்ப வேண்டும். சூரியத் தகடுகளிலும் புதிய காற்றாலைகளிலும் மின்சாரம் மின்னணுக் கருவிகள் வழியாக வருவதால், இந்தச் சடத்துவம் தானாகக் கிடைப்பதில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் பல மணி நேரம் இருட்டாக்கியது. அங்கிருந்த மின்மாற்றியில் குரங்கொன்று பட்டதே காரணமென்று அன்று பழி அதன்மேல் விழுந்தது, சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் குரங்கு எல்லா நாட்களிலும்தான் இருக்கிறது. அன்றைய நிலை வேறு: விடுமுறை நாளென்பதால் பாவனை குறைவு, நல்ல வெயிலென்பதால் சூரிய மின்சாரம் அதிகம், ஆகவே சுழன்றுகொண்டிருந்த கனமான பொறிகள் குறைவு. சிறிய தள்ளலைக்கூடத் தாங்க முடியாத நிலையில் வலையமைப்பு நின்றிருந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வீட்டுக் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

பெரிய வலையமைப்புக்கும் இந்தச் சோதனை வரும். 2019 ஒகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தில் மின்கம்பியொன்றை மின்னல் தாக்கிய சில கணங்களில், ஹோர்ன்சீ கடற்காற்றாலையின் வெளியீடு 737 மெகாவாட்டால் வீழ்ந்தது. கிட்டத்தட்ட அதே வேளையில் ஓர் எரிவாயு மின்நிலையமும் விலகியது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான நுகர்வோர் மின்சாரத்தை இழந்தனர், தொடருந்துகள் வழியில் நின்றன. எனினும் அந்த வலையமைப்பு முழுவதும் விழவில்லை. நம்முடையதைப்போல் பத்து மடங்கு பெரிதென்பதே அதைக் காப்பாற்றியது.

இப்போது கணக்கை இலங்கைக்குத் திருப்பலாம்.

1. இலங்கையின் இரவு நேர உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்குள் அடங்கும். நள்ளிரவு கடந்தால் அது ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடும்.

2. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகளில் ஒவ்வொன்றும் 300 மெகாவாட். அதில் ஒன்று விலகினாலே வலையமைப்பு தடுமாறுகிறது.

3. டொகர் பேங்க்கின் மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றும் 1,200 மெகாவாட். ஒவ்வொரு கட்டத்தின் மின்சாரமும் ஒரு பெருந்தடம் வழியாகவே கரைக்கு வருகிறது. அத்தகைய தடம் ஒன்று நம் வலையமைப்பில் அறுந்தால், அதை நிரப்ப நாட்டில் எதுவும் இருக்காது.

எனவே, நாம் தாங்கக்கூடிய கடற்காற்றாலை சில நூறு மெகாவாட் அளவில், பல தடங்களாகப் பிரிந்து, மின்கலச் சேமிப்போடு வர வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது, பெரிதாகக் கட்டுவதால் கிடைக்கும் விலைச் சலுகை கரைந்துவிடும். இந்தியாவோடு கடலடிக் கம்பி இணைப்பு என்ற பேச்சு மீண்டும் மீண்டும் எழுவதற்கும் காரணம் இதுவே: பெரிய வலையமைப்பின் தோளில் சாய்ந்துகொண்டால் சிறியதும் பெரிய பாரத்தைச் சுமக்கலாம். அந்தச் சாய்வுக்கு ஓர் அரசியல் விலை உண்டென்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

கம்பியைப் பற்றி ஒரு குறிப்பு. நீண்ட கடலடிக் கம்பியில் ஆடலோட்டத்தை (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை) அனுப்பினால், கம்பியே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு நீளமான கொள்ளளவிபோல் நடந்துகொள்ளும். ஒவ்வொரு சுழற்சியிலும் அதை ஏற்றி இறக்குவதிலேயே ஓட்டத்தின் பெரும் பங்கு செலவாகிவிடும். அதனால் தொலைதூரக் காற்றாலைகள் நடுக்கடல் மேடையில் ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக மாற்றி அனுப்பி, கரையில் மறுபடி ஆடலோட்டமாக்குகின்றன. டொகர் பேங்க்கும் அந்த முறையையே கையாளுகிறது.

காற்று எப்போது வருகிறது?

வாடையும் கச்சானும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மன்னாரிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் வலுத்து வீசும். தீவைக் கடந்து வறண்டு வரும் அந்தக் காற்றே நமக்குக் கச்சான். அதே மாதங்களில்தான் மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை பெய்து, நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. காற்றாலை ஓடும் நாட்களில் நீர் மின்நிலையங்களை அடக்கி வைத்தால், தேக்கத்தில் நிற்கும் நீர் சேமித்த மின்சாரமாகிறது. இலங்கையின் கைவசமுள்ள மிகப் பெரிய மின்கலம் இதுதான். மாறாக, மார்ச், ஏப்ரலில் வெயில் சுட்டெரித்து மின்விசிறிகளும் குளிரூட்டிகளும் ஓயாமல் ஓடும்போது, தேக்கங்கள் வற்றியிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். எத்தனை காற்றாலை கட்டினாலும் அந்த இரண்டு மாதங்களுக்கு வேறு வழி பார்த்தே ஆக வேண்டும்.

புயலும் உண்டு. 1964 டிசெம்பர், 1978 நவம்பர், 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவி என்று கிழக்குக் கரை கண்டவை பல. நொடிக்குச் சுமார் 25 மீற்றருக்கு மேல் காற்று போனால், பொறிகள் இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். நிற்பது ஒன்று, தாங்குவது வேறு: 2024 செப்டெம்பரில் யாகி சூறாவளி சீனாவின் ஹைனான் தீவில் காற்றாலைக் கோபுரங்களையே முறித்தது.

மூன்றாவது கேள்வி: வட்டி எவ்வளவு?

அனல் மின்நிலையத்தில் செலவு நாள்தோறும் நிலக்கரியாக எரிகிறது. காற்றாலையில் அது முதல் நாளிலேயே செய்யப்பட்டுவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் கடனாக. ஆகவே காற்று இலவசம் என்றாலும், மின்சாரத்தின் விலையை வட்டியே எழுதுகிறது. 100 ரூபாய் கடனை 25 ஆண்டுகளில் சம தவணையாகக் கட்டுவதானால், 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 ரூபாய் 40 சதம் வரும். 12 சதவீதத்தில் 12 ரூபாய் 75 சதம். பொறி அதே, காற்று அதே. மின்சாரத்தின் விலை மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாட்டுக்கு, இதில் எந்த வட்டிக் கணக்கு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

பணக்கார நாடுகளும் இதில் அடி வாங்கின. பிரித்தானியாவின் 2019 ஏலத்தில் டொகர் பேங்க்கின் முதற்கட்டத்துக்கு, ஒரு மெகாவாட் மணிக்கு 2012 ஆம் ஆண்டின் விலைமட்டத்தில் 39.65 பவுண் என்ற வியக்கத்தக்க குறைந்த விலை கிடைத்தது. உருக்கின் விலையும் வட்டியும் ஏறிய பின், 2023 ஏலத்தில் கடற்காற்றாலைக்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. நம் நாட்டில், தரைமேல் அமையவிருந்த மன்னார், பூநகரி காற்றாலைகளுக்கு ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று உடன்பட்டிருந்த அதானி நிறுவனம், புதிய அரசு விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட்டதையடுத்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

கடலில் ஏற்கனவே இருப்பவர்கள்

2025 இல் மன்னாரில் மக்கள் தெருவுக்கு வந்ததை, காற்றாலைக்கு எதிரான அறியாமையென்று ஒதுக்குவது தவறு. வடிகால் அடைபட்டு வெள்ளம் தேங்குவது, வலசைப் பறவைகளின் வழி, கரையோரத் தொழில் என்று அவர்கள் எழுப்பியவை குறிப்பான கேள்விகள். கடலுக்குள் தள்ளிவைத்தால் இவற்றில் சில மறையும், புதியவை முளைக்கும்.

பிரித்தானிய நடைமுறையில், கட்டுமானக் காலத்தில் ஒவ்வொரு பொறியைச் சுற்றியும் 500 மீற்றர் வரை கலங்கள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது. கட்டி முடிந்தபின் தடை தளர்ந்தாலும், எல்லா வலைக்கும் அது பயன்படாது. நீரோட்டத்தோடு மிதக்கவிடப்படும் வலை ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும். இரவில் அது எங்கே போய்ச் சேருமென்று நீரோட்டந்தான் சொல்லும். தூண்களுக்கிடையே அந்த வலையை விடுவதும் வலையை விற்றுவிடுவதும் ஒன்றுதான். கரையேறும் மின்கம்பி மணலுக்கடியில் புதைக்கப்படும் என்றாலும், அந்த இடம் கரைவலைப் பாடாக (கரைவலை இழுக்கும் இடமாக) இருந்தால், எந்த மாதத்தில் தோண்டுவார்கள் என்பதே வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்துவிடும். தூண் அடிக்கும் ஓசை திமிங்கிலங்களை வெகு தூரம் கலைக்கும். தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரையிட்டு அதைக் குறைக்கிறார்கள்.

துறைமுகத்துக்கு என்ன பங்கு?

கடலடி கைகொடுக்காவிட்டாலும் துறைமுகம் கைகொடுக்குமே என்ற வாதம் திருகோணமலையில் அடிக்கடி கேட்கும். டென்மார்க்கின் எஸ்பியர், இங்கிலாந்தின் ஹல் போன்ற துறைமுகங்கள் காற்றாலையால் புத்துயிர் பெற்றது உண்மை. ஆனால் நிலவரைபடத்தை விரித்தால் ஒரு சிக்கல் தெரியும். நல்ல காற்றுள்ள பரப்பு மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் இடையே கடல்வழியில் இராமர் அணையின் மணற்திட்டுகள். பொறிகளை ஏற்றும் பெரிய கப்பல் அதைக் கடக்க முடியாது. மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை, காலி, கொழும்பு என்று தீவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியிலேயே இரண்டு பெரிய துறைமுகங்கள் இருக்கையில், இங்கிருந்து ஏன் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் கேட்பார். கப்பலடியில் பரந்த, உறுதியான, தட்டையான நிலமும் வேண்டும். சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிய நிலத்துக்கு 2022 இலேயே பங்கு பிரிக்கப்பட்டாயிற்று. பக்கத்தில் விமான ஓடுபாதை இருக்க, நூறு மீற்றரைத் தாண்டும் கோபுரங்களை நிமிர்த்தி வைப்பதும் எளிதல்ல.

மிதக்கும் காற்றாலையில் மட்டும் கணக்கு மாறுகிறது. ஹைவிண்ட் பொறிகளின் மிதவை கடலுக்குள் 78 மீற்றர் இறங்கி நிற்பது. அதை எந்தத் துறைமுக மேடையிலும் பொருத்த முடியாததால், நோர்வேயின் ஸ்டூர்ட் பகுதியில், மலைகள் காற்றைத் தடுக்கும் ஆழ்நீரில் பொருத்தி, ஸ்கொட்லாந்துக்கு இழுத்துப் போனார்கள். கரையை ஒட்டியே அவ்வளவு ஆழம், அதோடு ஒதுக்கம் என்று இரண்டும் சேர்ந்த இடம் வங்காள விரிகுடாவில் அரிது. நிலையான தூணுக்கு ஒத்துவராத கொட்டியாரக் குடாவின் பள்ளத்தாக்கு, இந்த ஒரு வேலைக்கு ஒத்துவரக்கூடும். ஆனால் வாடைக் காலத்தில் குடா வாயில் கொந்தளிக்கும். பொருத்துவதும் இழுத்துச் செல்வதும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையுள்ள அமைதியான மாதங்களில்தான் நடக்க முடியும். மேற்குக் கரை மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கங்களில் வாடி (தற்காலிகக் குடிசை) போடுவதும், மூதூர், கிண்ணியா வள்ளங்கள் குடாவில் அதிகம் தொழில் செய்வதும், திமிங்கிலம் பார்க்கும் படகுகள் ஓடுவதும் அதே மாதங்களில்தான்.